அண்ணியும் அலுமினியமும்

மார்ச் 4, செவ்வாய்

துளை போடும் மிஷினின் அலகு மறுபடியும் மழுங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும். இதை எழுதவா உட்கார்ந்தேன்? இல்லை.

இன்று மாஸ்டர் வீட்டில் தண்டவாளம் பொருத்தி முடித்தோம். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். படியில் உருண்டு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஜானுபாகுவான மனிதர். மனைவி அவருடைய தோளுக்குக்கூட எட்டமாட்டார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக அந்த அம்மாவால் எப்படி முடியும்? அதற்குத்தான் எங்கள் கம்பெனி. தலைக்கு மேலே ஒரு அலுமினியத் தண்டவாளம், அதில் உருளும் மோட்டார், மோட்டாரிலிருந்து தொங்கும் துணித் தொட்டில். பொத்தானை அழுத்தினால் ஆள் எழும்புவார். லேசாகத் தள்ளினால் போக வேண்டிய இடத்துக்குப் போவார்.

எழும்பினார். அவர்கள் வீட்டுக் கூரை பளு தாங்காது, அதனால் சுவருக்குச் சுவர்தான் தாங்கல். நடுவே பிடிமானம் கிடையாது. அறையின் நடுவுக்கு வந்ததும் தண்டவாளம் வில் மாதிரி வளைந்தது. உடையாது என்று எனக்குத் தெரியும், சோதித்ததுதான். ஆனால் மல்லாந்து தொங்குகிறவருடைய கண்ணுக்கு நேரே அது ஒன்றுதானே தெரியும்?

"இறக்கு! இறக்குடா!"

கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெரிய மனிதரை நான் பிடித்துவிடுவேனாம்!

கட்டிலில் கிடத்திய பிறகு போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "தண்ணியில ஒருநாளும் பயந்ததில்ல தம்பி. காத்துல பயமா இருக்கு."

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் சொன்னேன். கம்பெனி அவருடையது, பட்டறையும் பொருத்துகிற வேலையும் என்னுடையது. அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"இன்னும் பலமான அலுமினியம் போட்டுருவோம். விமானத்துல போடுறாங்களே, 7075. அதையே வரவழை."

அலுமினியத்தில் எதை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வைத்து அதற்கு எண் கொடுப்பார்கள். நாங்கள் போட்டிருந்தது 6063. கொஞ்சம் மக்னீசியம், கொஞ்சம் சிலிக்கன். ஜன்னல் சட்டத்துக்கெல்லாம் போடுகிற சாதுவான கலவை. 7075-இல் துத்தநாகம். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வலு. அண்ணன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மூலையில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதுவும் இதே அளவுதான் தொய்யும்."

"நீ கணக்கைப் பாரு" என்றார் அண்ணன்.

அண்ணி பதினாறு வருஷம் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியல் நடத்தியவர். போன வருஷம் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். "வீட்ல சும்மா இருக்காதே" என்று அண்ணன் கூட்டிவந்து கணக்கு மேஜையில் உட்கார வைத்தார். நாங்கள் இருவரும் நாள் முழுக்க உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறோம். அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்புகூட என் வழியாகத்தான் நகர்கிறது.

மார்ச் 10, திங்கள்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

மதியம் அண்ணி பட்டறைக்குள் வந்தார். கையில் இரண்டு பட்டைகள், ஒரே நீளம், ஒரே தடிமன். ஒன்று எங்கள் 6063. இன்னொன்று அண்ணன் மாதிரிக்கு வரவழைத்திருந்த 7075. "தம்பி, இதை ரெண்டையும் மேஜை ஓரத்துல வெளியே நீட்டின மாதிரி கிடுக்கி போட்டு இறுக்குங்க." இறுக்கினேன். இரண்டின் நுனியிலும் ஒரே எடையில் போல்ட் போட்ட வாளிகளை மாட்டினார்.

இரண்டும் சேர்ந்தாற்போல் தொய்ந்தன. ஒரே அளவு! அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நூலளவு வித்தியாசம்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் கதவருகே வந்து நின்றார். தற்செயலாக வந்தவர் மாதிரி வந்தார்.

அண்ணி வாளிகளில் இன்னும் போல்ட்டுகளைக் கொட்டினார். கொட்டக் கொட்ட இரண்டும் இறங்கின. பிறகு வாளிகளைக் கழற்றினார். 7075 சட்டென்று பழைய நிலைக்கு எழும்பிவிட்டது. 6063 வளைந்தது வளைந்தபடியே நின்றது.

"பாத்தியா!" என்றார் அண்ணன். முகத்தில் வெற்றி.

"பாத்தேன். அதுதான் வலு" என்றார் அண்ணி. குரலில் துளிச் சூடு இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "எவ்வளவு பளு வச்சா திரும்பி வராம போகும்ங்கறது வலு. அதுல உங்க 7075 ராஜா. ஆனா நம்ம தண்டவாளம் அந்த எல்லைக்குப் பக்கத்துலகூடப் போகல. மாஸ்டரை இறக்கினதும் நேராயிடுச்சா இல்லையா தம்பி?"

"ஆயிடுச்சு அண்ணி."

"அப்போ நம்ம பிரச்சினை வலு இல்ல. விறைப்பு, எவ்வளவு தொய்யாம நிக்கும்ங்கறது. அது எந்த அலுமினியத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். என்ன கலந்தாலும் அது மாறாது. வடிவத்தை மாத்தினாத்தான் மாறும்."

நேரான இன்னொரு 6063 பட்டையை எடுத்து, படுக்கை வசத்தில் இல்லாமல் விளிம்பு மேலே வரும்படி நிமிர்த்திப் பிடித்து இறுக்கச் சொன்னார். அதே வாளி. அசையவில்லை. நான் வாளியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஊஹூம்.

அண்ணன் அலுவலகத்துக்குள் போனார். நான் நிமிர்ந்து நின்ற பட்டையைத் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் கையில் பிடித்த பொருளை இன்றுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்தார்கள்.

மார்ச் 12, புதன்

மாஸ்டர் மனைவி போன் பண்ணாங்க. முதுகுல புண்ணு ஆரம்பிச்சிருச்சாம். படுக்கையிலேயே துடைச்சுவிட்டா போதாதுன்னு நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்களாம். வெளிநாட்டுல இருக்கற பையன், பராமரிப்பு இல்லத்துல இடம் பாத்துட்டான். அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி அவரைக் கொண்டுபோய்ச் சேக்கணுமாம். "நாப்பது வருஷத்துல ஒருநாள்கூட தனியா படுத்ததில்ல தம்பி"ன்னு சொல்லிட்டு அந்தம்மா போனை வச்சிட்டாங்க.

நான் பொருத்தினதுதானே? நான் பொருத்தினது.

மார்ச் 14, வெள்ளி

அண்ணியை மாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அளவெடுப்பார் என்று டேப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்துக்கு நேர்க்கீழே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்! மாஸ்டரும் அவர் மனைவியும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

படுத்தபடியே கேட்டார்: "எவ்வளவு தொய்ஞ்சா உங்களுக்குப் பயம் வராது?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறார் என்று அவர் மனைவியின் முகமே சொன்னது. "என் கண்ணுக்குத் தெரியற அளவு தொய்யக்கூடாது."

"அது முடியும். தொய்யவே தொய்யாத தண்டவாளம் உலகத்துல கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைக்கலாம்."

"உங்க வீட்டுக்காரர் போன்ல தொய்யவே தொய்யாதுன்னாரே?"

"அவர் அப்படித்தான் சொல்வார். நல்ல மனுஷன்."

மாஸ்டர் தண்டவாளத்தை ஒருமுறை பார்த்தார். "நீங்க சொல்றதுதான் நம்பற மாதிரி இருக்கு" என்றார்.

நான் பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒருநாளாவது அங்கே படுத்துப் பார்த்தேனா?

மார்ச் 17, திங்கள்

அண்ணி வரைந்த வடிவம் இது. கீழே மோட்டார் ஓடும் பள்ளம். அதன் மேல் உள்ளே வெற்றிடமாக ஒரு பெட்டி. பழையதைப் போல இரண்டு மடங்கு உயரம், ஆனால் சுவர் மெல்லியது. எடை கொஞ்சம்தான் கூடுகிறது. வேண்டிய இடத்தில் மட்டும் உலோகம்.

அண்ணன் இந்த வடிவத்தையே 7075-இல் செய்து தரச் சொல்லி, எங்களுக்குத் தெரியாமல் அலுமினியத்தைச் சூடாக்கி அச்சு வழியே பிதுக்கித் தரும் ஆலைக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறார். இன்று ஆலைக்காரர் பட்டறை போனில் கூப்பிட்டு என்னிடமே சொல்லிவிட்டார்: "உள்ள பொந்து வச்ச வடிவம் அந்தக் கலவையில வராதுங்க. அச்சுக்குள்ள பிரிஞ்சு போற உலோகம் மறுபடி ஒண்ணா ஒட்டாது. யார் கேட்டா இதை?"

யார் கேட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் காதுமடல் சிவந்துபோயிற்று. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அண்ணியிடமிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணனே கேட்டார், இந்த முறை நிஜமாகவே கேட்டார்: "சரி, நடுவுல 6061-னு ஒண்ணு இருக்கே? அதுவாவது போடலாமே?"

"போடலாம். ஆலையிலும் வரும். ஆனா சூடா வெளிய வந்ததும் அதைத் தண்ணியில சடார்னு குளிர வைக்கணும். நம்ம சுவர் மெலிசு, கோணிக்கும். கோணின தண்டவாளத்துல உருளை தடதடக்கும். அவர் மறுபடி பயந்துடுவார். 6063 பற்பசை மாதிரி வழவழன்னு வரும், காத்துலயே குளிரும், நேரா இருக்கும். வலு போதும்ங்கற இடத்துல இன்னும் வலு எதுக்கு?"

அண்ணன் தலையாட்டினார். "விமானத்துல போடுறதுன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன் அவங்ககிட்ட."

"விமானம் அவங்களுக்கு வேணாம். குளிக்கணும், அவ்வளவுதான்."

அண்ணன் சிரித்துவிட்டார். இரவு உப்பு என் வழியாக வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

புது அச்சு தயாராகி, முதல் நீளங்கள் வந்து இறங்கின. வெள்ளிபோல மின்னுகின்றன. கண்ணை ஒரு முனையில் வைத்து மறுமுனை வரை பார்த்தேன். ஒரு கோணல் இல்லை. அண்ணி கிடுக்கி போன்ற ஒரு கருவியால் தண்டவாளத்தின் சுவரைக் கடித்துப் பார்த்தார். முள் கடினத்தைக் காட்டும். பன்னிரண்டைத் தொட்டது. "சூளையில நல்லா வெந்திருக்கு" என்றார்.

கணக்குப் பில்கள் குவிந்துகிடக்கின்றன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பட்டறையில் இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டினோம். அதே இடைவெளி. மாஸ்டர் எடைக்கு யாரைத் தொங்கவிடுவது? பட்டறையில் அந்த எடைக்குத் தகுதியானவர் ஒருவர்தான்.

"நான் முதலாளிடா!"

"அதனாலதான் நீங்களே முதல்ல" என்றார் அண்ணி.

அண்ணன் தொட்டிலில் ஏறிப் படுத்தார். பொத்தான் அண்ணி கையில். எழும்பினார். நடுவுக்குத் தள்ளினேன். நான் நுனிக்கு நுனி இழுத்துக் கட்டியிருந்த நூலோடு ஒப்பிட்டால்தான் தெரிந்தது, ஒரு அரிசி அளவுக்கு இறங்கியிருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"சரி, இறக்கு."

அண்ணி இறக்கவில்லை. பொத்தானைப் பிடித்தபடி அண்ணாந்து கேட்டார்: "மேல பாருங்க. பயமா இருக்கா?"

"இல்ல. இறக்கு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு அவரு கேப்பாரு."

"அம்மா தாயே, பயமே இல்ல. நீ பொத்தானைக் கையில வச்சிருக்கறதுதான் பயமா இருக்கு!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. அண்ணனும்தான், தொட்டிலில் குலுங்கிக் குலுங்கி.

ஏப்ரல் 4, வெள்ளி

சிரித்ததெல்லாம் போயிற்று.

தண்டவாளம் குளியலறை வாசலில் திரும்ப வேண்டும். அந்த வளைவுத் துண்டை இன்று உருளை மிஷினில் கொடுத்து வளைத்தேன். உள்பக்கச் சுவர் துணி மாதிரிச் சுருங்கிவிட்டது. வெளிப்பக்கம் விரிசல். மோட்டார் ஓடும் பள்ளம் நெரிந்து வாயை மூடிக்கொண்டது. இன்னொரு துண்டு. அதுவும் அப்படியே.

எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். நானும் என் கையைத்தான் பார்த்தேன்.

அண்ணி விரிசலை விரலால் தடவினார். "தம்பி மேல தப்பில்ல. தப்பு என்னுது" என்றார், எல்லோர் முன்னாலும். "எல்லாத் துண்டையும் சூளையில வச்சுக் கடினமாக்கித்தான் அனுப்பச் சொன்னேன். வளைக்க வேண்டியதை மட்டும் இளக்கமா கேட்டிருக்கணும். வளைச்ச பிறகு கடினமாக்கலாம். நேரான துண்டையே நினைச்சுக்கிட்டு இதை விட்டுட்டேன்."

சாக்கு இல்லை, முகவாட்டம் இல்லை. ஒரு கணக்கில் தவறிய எண்ணைத் திருத்துவது போல. இப்படியும் ஒருவரால் சொல்ல முடியுமா? நானாக இருந்தால் மிஷினைத் திட்டியிருப்பேன்.

ஆனால் பதினைந்தாம் தேதி நெருங்குகிறதே. அண்ணன் இப்போது ஏதாவது குத்திப் பேசிவிடுவாரோ என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அண்ணன் அந்த நெரிந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இளக்கமா வந்தாலும் இந்த வாய் மூடிக்கும்" என்றார் மெதுவாக. "உள்ள எதையாவது திணிச்சு வளைக்கணும். வழுக்கற பிளாஸ்டிக் பட்டை. நாற்காலிக் குழாய் வளைச்ச காலத்துல அப்படித்தான் பண்ணுவோம்."

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்திருப்பாரா, தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று அண்ணனே வண்டியெடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். இன்னும் சூளைக்குள் போகாத துண்டுகள் அங்கே கிடந்தன. பேசிப் பேசியே இரண்டை வாங்கிவந்துவிட்டார். கல்லில் நார் உரிக்கிற வாய் அது. கருவியால் கடித்துப் பார்த்தால் முள் ஐந்தைத் தாண்டவில்லை. பச்சைப்பிள்ளை.

பள்ளத்துக்குள் பட்டைகளைச் செருகி, அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை. மிஷின் மெல்ல மெல்ல உருட்டியது. வளைந்தது! சுருக்கமில்லை, விரிசலில்லை. பட்டையை உருவினால் பள்ளம் வாய் திறந்தபடி நிற்கிறது.

பெயின்ட் பூசியதைச் சூட்டில் உலர்த்தித் தரும் சூளைக்காரருக்கு ஞாயிறு விடுமுறை. அண்ணன் அவரை எப்படி மடக்கினாரோ, இன்று சூளை எங்களுக்காகவே எரிந்தது. அண்ணி வெப்பமானியை விட்டு நகரவே இல்லை. சாயங்காலம் துண்டு ஆறிய பிறகு கடித்துப் பார்த்தார். பன்னிரண்டு.

அண்ணன் சூளைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "என் பெண்டாட்டி பதினாறு வருஷம் இதைப் பாடமா நடத்தினவ." ஏதோ தானே அந்தக் கல்லூரியைக் கட்டினது மாதிரி சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

பொருத்தியாயிற்று.

மாஸ்டர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய தண்டவாளத்தைக் கழற்றும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி அவரை வற்புறுத்தவில்லை. "முதல்ல என் வீட்டுக்காரரைப் பாருங்க" என்றார். அண்ணன் மறுபேச்சில்லாமல் தொட்டிலில் ஏறி, அறையின் நடுவே தொங்கி, வளைவில் திரும்பி, குளியலறைக்குள் போய்த் திரும்பி வந்தார். மாஸ்டரின் கண் தண்டவாளத்தை விட்டு அசையவே இல்லை.

"சரி" என்றார்.

எழும்பினார். நான் இந்த முறையும் கைகளை ஏந்திக்கொண்டுதான் நின்றேன், பழக்கதோஷம். நடுவுக்கு வந்தார். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். உருளை நகர்கிற சத்தம்கூட இல்லை, அவ்வளவு வழவழப்பு.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. போய்க்கிட்டு இருக்கீங்க."

வளைவில் திரும்பினார். வாசலைத் தாண்டினார். குளியல் தொட்டியில் இறக்கினோம். தண்ணீர் மார்புக்கு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டார். கை இரண்டும் தாமாகவே மிதந்து மேலே வந்தன.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். பிறகு மனைவியிடம்: "நீ இல்ல."

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே தண்ணீர் வாரியடிக்கிற சத்தம். அந்த அம்மா, "ஐயோ, என் புடவை!" என்று கூவினார். அப்புறம் இருவரும் சிரிக்கிற சத்தம், நிற்காமல். அண்ணி ஒரே ஸ்பேனரை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இல்லத்தில் பார்த்து வைத்த இடம் வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டானாம். புண்ணும் ஆறத் தொடங்கியிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

காலையில் படகு கட்டுகிறவர் ஒருவர் வந்தார். கையில் சுருட்டிய வரைபடம். ஆற்றில் ஆட்களை ஏற்றிப் போகும் படகுக்குக் கைப்பிடிக் கம்பிகள் வேண்டுமாம். மாஸ்டரின் மாணவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அலுமினியத்துலயே ரொம்பப் பலமானது எதுங்க? அதுலயே போட்டுடலாம்னு" என்று அண்ணனிடம் ஆரம்பித்தார்.

"மெதுவா பேசுங்க" என்றார் அண்ணன். "அப்படிக் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். உக்காருங்க, கலவை பாக்கறவங்க உள்ள இருக்காங்க." கூப்பிட்டுவிட்டு, காப்பி எடுத்துவர அவரே எழுந்து போனார்.

அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வரைபடத்தை விரித்துக் கொஞ்சநேரம் பார்த்தார். எண் எதையும் சொல்லவில்லை. "இந்தக் கம்பியை யாரு பிடிச்சுக்குவாங்க?" என்று கேட்டார். "பெரியவங்களா, பிள்ளைங்களா? ஈரக் கையோடவா? ஆத்துத் தண்ணியா, உப்புத் தண்ணிக்கும் போவீங்களா?"

படகுக்காரர் தன் வரைபடத்தையே திரும்பப் பார்த்தார். யோசித்தார். பிறகு நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்: காலையில் சந்தைக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழைக்காலத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்பது.

அண்ணன் இரண்டு கையிலும் காப்பியோடு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். கீழே வைக்கவில்லை. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.